மின்னஞ்சல் யார் வசம் இருக்கிறது?

மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல்கள், தேசியத் தகவலியல் மையத்தின் பழைய ஏற்பாட்டிலிருந்து ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வெளியானது. 2023-இல் வழங்கப்பட்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் விளைவு அது. தமிழ்நாட்டில் பிறந்து, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை போன்ற சிற்றூரிலும் அலுவலகம் நடத்தும் நிறுவனம் என்பதால் இங்கே அச்செய்தி பெருமிதத்துடன் வாசிக்கப்பட்டது. விவாதங்கள் எல்லாம் சுதேசியா, வெளிநாடா என்ற ஒற்றைக் கேள்வியைச் சுற்றியே நடந்தன. அந்த ஆரவாரத்தில் ஒரு விவரம் போதிய கவனம் பெறவில்லை. மென்பொருள் மாறியது, தளம் மாறியது. ஆனால், அதிகாரிகளின் முகவரி மாறவில்லை. ‘ஜிஓவி டாட் இன்’, ‘என்ஐசி டாட் இன்’ என்று முடியும் முகவரிகள் அப்படியே நீடிக்கின்றன. கடிதம் எழுதும் குடிமகனுக்கு உள்ளே என்ன மாறியது என்பதே தெரியாது.

முகவரி அரசுக்குச் சொந்தம் என்பதே இதற்குக் காரணம். கடிதங்களைக் கையாளும் பணியை மட்டுமே அரசு வெளியே கொடுத்திருக்கிறது. நாளை வேறொரு நிறுவனத்திடம் மாற்ற வேண்டும் என்றாலும் இதே வழியில் மாற்றிக்கொள்ளலாம். ஒரு தேசத்தின் அரசு தனக்கு வைத்துக்கொண்ட இந்த உரிமை, நான்கு பேர் வேலை பார்க்கும் ஒரு கடைக்கும் எளிதில் கிடைக்கக்கூடியது. கிடைத்தும் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வதில்லை என்பதே என் அனுபவம்.

நான் வசிக்கும் விழிதியூர், காரைக்கால் மாவட்டத்தில் நிரவியை ஒட்டிய ஊர். வாஞ்சூரில் உள்ள துறைமுகம், நிரவியில் உள்ள ஓஎன்ஜிசி அலுவலகம், காரைக்கால் கடைத்தெரு ஆகியவற்றைச் சுற்றித் தொழில் நடத்தும் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருவதும், வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்வதும் என் வேலை. லாரி உரிமையாளர்கள், சரக்கு அனுமதி முகவர்கள், உதிரிபாக வணிகர்கள், உணவு வழங்கும் ஒப்பந்ததாரர்கள் என்று பலதரப்பட்டவர்கள். இவர்களில் பலருடைய விலைச்சீட்டின் தலைப்பில் கடையின் பெயர் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே ஒரு ஜிமெயில் முகவரி இருக்கும். அது கடையின் பெயரில்கூட இருப்பதில்லை. எப்போதோ கணக்கு எழுத வந்த இளைஞரின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த முகவரியாக அது இருக்கும். பத்து ஆண்டுகளின் ஒப்பந்தங்கள், விலைப்புள்ளிகள், பாக்கி நினைவூட்டல்கள் எல்லாம் அந்த இளைஞரின் கைப்பேசி எண்ணோடு பிணைந்த ஒரு கடவுச்சொல்லுக்குள் அடங்கியிருக்கும்.

நான் கணக்குப் பார்த்த லாரி நிறுவனம் ஒன்றில் இது உண்மையாகவே சிக்கலானது. சரக்கு இறக்கத் தாமதமானதால் வண்டிகள் நாள்கணக்கில் நின்றன. ‘ஹால்டிங்’ எனப்படும் காத்திருப்புக் கட்டணத்தைத் தருவதாகச் சரக்கின் உரிமையாளர் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டிருந்தார். சில லட்சம் ரூபாய் சம்பந்தப்பட்ட விஷயம். பணம் கேட்டபோது, அப்படி எதுவும் எழுதவில்லை என்று எதிர்த்தரப்பு மறுத்தது. அந்தக் கடிதம் வந்த கணக்கைத் தொடங்கிய பணியாளரோ வேலையை விட்டு வெளிநாடு சென்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் நல்லவர்தான், உதவவும் தயாராக இருந்தார். ஆனால், கணக்கை மீட்பதற்கான குறியீடு வந்து சேர வேண்டிய பழைய கைப்பேசி எண் வேறு யாருக்கோ போய்விட்டது. லாரி உரிமையாளரிடம் மிஞ்சியது ஒரு காகித அச்சுப் படி மட்டுமே. “இதை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாமே” என்று எதிர்த்தரப்பு வழக்குரைஞர் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல், பாதித் தொகைக்குச் சமரசம் ஆயிற்று.

மின்னஞ்சல் வெறும் தகவல் பரிமாற்றம், உண்மையான ஒப்பந்தம் முத்திரைத்தாளில்தான் இருக்கிறது என்ற எண்ணம் நம் வணிகர்களிடம் இன்னும் வலுவாக இருக்கிறது. சட்டம் அந்த இடத்தை எப்போதோ கடந்துவிட்டது. துபாயைச் சேர்ந்த டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கை இதற்குச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து பாக்சைட் தாதுவைக் கப்பலில் அனுப்புவதாக 2007 அக்டோபர் 15 அன்று டிரைமெக்ஸ் மின்னஞ்சலில் முன்மொழிந்தது. சில கடிதங்கள் மாறி மாறிப் போயின. மறுநாளே, ஐந்து கப்பல் சரக்குக்கு ஒப்புதல் தெரிவித்து வேதாந்தா பதில் அனுப்பியது. முறையான ஒப்பந்தப் பத்திரம் கையெழுத்தாகவே இல்லை. பின்னர் வாங்குபவர் பின்வாங்க, பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2010 ஜனவரி 22 அன்று வழங்கிய தீர்ப்பில், ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தவரும் பின்னாளில் தலைமை நீதிபதி ஆனவருமான நீதிபதி பி.சதாசிவம், அந்த மின்னஞ்சல்களாலேயே ஒப்பந்தம் முழுமை பெற்றுவிட்டது என்றார். பத்திரம் கையெழுத்தாகவில்லை என்பது ஒப்பந்தம் இல்லை என்று ஆகாது. கப்பல் சரக்கு வணிகம் நடக்கும் எந்த ஊரிலும் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஏனெனில், நம் ஊர் முகவர்கள் அன்றாடம் செய்வதும் இதைத்தான். ‘சரி, ஏற்றுக’ என்ற ஒரு வரியில் ஒரு கப்பல் நகர்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவும், மின்னணு வழியில் உருவானது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று உறுதி சொல்கிறது.

ஒப்பந்தம் செல்லும் என்பது ஒன்று; அதை நிரூபிப்பது வேறு. எந்த மென்பொருளை எடுப்பது என்ற கேள்வி சூடுபிடிப்பது இந்த இரண்டாவது இடத்தில்தான். மின்னணு ஆவணத்தின் படியை நீதிமன்றத்தில் வைக்கும்போது உரிய சான்றிதழ் அவசியம் என்பதை 2014-இல் அன்வர் வழக்கிலும், 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இரண்டுமே தேர்தல் வழக்குகள். ஆனால், விதி எல்லோருக்கும் பொது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமம் இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. அதன் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் இரண்டு பகுதிகளாகத் தரப்பட வேண்டும்: ஒன்றை ஆவணத்தைத் தாக்கல் செய்பவரும் மற்றொன்றை நிபுணர் ஒருவரும் தர வேண்டும். கூடவே அந்தக் கோப்பின் ‘ஹேஷ்’ மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை போன்றது. கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுக் கணினி தரும் ஒரு நீண்ட எழுத்து, எண் வரிசை. கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்த வரிசை முற்றிலும் மாறிவிடும்.

கைரேகை எடுக்க வேண்டுமானால் கை வேண்டும். அச்சுப் படிக்கோ கைப்பேசித் திரையைப் படமெடுத்த சித்திரத்துக்கோ மூலக் கடிதத்தின் கைரேகை கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-ஆவது பிரிவும் ஏறக்குறைய இதையே வேறு மொழியில் சொல்கிறது. ஓர் ஆவணத்தை மின்னணு வடிவில் பாதுகாத்ததாகக் கொள்ள வேண்டுமானால், அது பின்னர் எடுத்துப் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும்; உருவான அல்லது பெறப்பட்ட வடிவிலேயே, அல்லது அதைப் பிசகாமல் காட்டும் வடிவில் இருக்க வேண்டும்; எங்கிருந்து புறப்பட்டது, எங்கே சேர்ந்தது, எந்த நாள், எந்த நேரம் என்ற விவரங்கள் அதில் அடங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும் இவை அத்தனையும் எழுதப்பட்டிருக்கின்றன. கடிதம் எந்தெந்த சர்வர்களைக் கடந்து வந்தது என்ற தடமும், பல வேளைகளில் அனுப்பிய நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பமும்கூட அதில் இருக்கும். திரையில் நாம் பார்ப்பதில்லையே தவிர, கடிதத்தோடு சேர்ந்தே அவை பயணம் செய்கின்றன. ‘ஃபார்வர்டு’ செய்தால் அந்தத் தடம் தொலைந்துவிடும். முக்கியமான கடிதத்தைத் தன் சொந்தக் கணக்குக்கு ஃபார்வர்டு செய்துவைத்துக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நினைக்கும் முதலாளிகள் ஏராளம்.

எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்? ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவு, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் என்கிறது. 2024-25 நிதியாண்டுக்கு அந்தக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31 என்பதால், அந்த ஆண்டின் பதிவுகள் 2031 இறுதி வரை இருந்தாக வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் இது இன்னும் நீளும். நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவானவை எட்டு நிதியாண்டுகளின் கணக்கு ஏடுகளை வைத்திருக்க வேண்டும். கணக்கு ஏடு என்றால் கடிதமும் சேர்த்தியா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு விலைச்சீட்டில் ஏன் தள்ளுபடி தரப்பட்டது, ஏன் சரக்கு திரும்பி வந்தது என்று வரி அதிகாரி கேட்கும்போது விடை பேரேட்டில் இருப்பதில்லை. அந்த மாதத்துக் கடிதத்தில்தான் இருக்கிறது.

நம் ஊரிலேயே அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காரைக்கால் துறைமுக நிறுவனம் 2022 ஏப்ரலில் திவால் தீர்வு நடைமுறைக்குள் சென்றது. 2023 ஏப்ரலில் அதானி துறைமுக நிறுவனத்தின் கைக்கு வந்தது. இத்தகைய நடைமுறையில், பொது அறிவிப்பு வெளியானதும் பாக்கி வர வேண்டியவர்கள் குறுகிய கால அவகாசத்துக்குள் தங்கள் கோரிக்கையை ஆதாரங்களுடன் அளிக்க வேண்டும். வங்கிகளிடம் அதற்குத் தனித் துறையே இருக்கிறது. சரக்கும் சேவையும் வழங்கிய சிறு நிறுவனத்திடம் இருப்பது விலைச்சீட்டும் மின்னஞ்சலும்தான். எங்கே அந்தக் கடிதம் என்று தேடுவதற்கு அந்த நாள்களில் நேரம் இருக்காது.

சரி, எந்த மென்பொருள்? இந்தக் கேள்வியோடு வருபவர்களிடம் நான் மென்பொருளின் பெயரைக் கடைசியில்தான் சொல்கிறேன். முதலில் சொல்வது, கடையின் பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணையப் பெயர் வாங்கச் சொல்லித்தான். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். கடைக்குப் பெயர்ப் பலகை எழுதும் செலவைவிடக் குறைவு. அதன் பிறகு ஜோஹோ, கூகுள், மைக்ரோசாஃப்ட் என்று எவருடைய சேவையையும் அந்தப் பெயரோடு இணைக்கலாம்; பிடிக்காவிட்டால் மாறலாம். மத்திய அரசு செய்தது இதுவே.

இரண்டாவது, கடிதங்களை வெளியே எடுக்கும் வழி. மின்னஞ்சலைக் கையாள மூன்று வகை ஏற்பாடுகள் உண்டு. உலாவியில் மட்டும் பார்ப்பது ஒன்று. பாப் என்னும் பழைய முறை இன்னொன்று; அது கடிதத்தைக் கணினிக்குள் இறக்கிக்கொண்டு, வேறு விதமாகச் சொல்லாவிட்டால், பொதுவாக சர்வரிலிருந்து நீக்கிவிடும். மூன்றாவது ஐமேப். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் 1986-இல் வகுத்த இந்த முறையில் கடிதம் சர்வரிலேயே இருக்கும். எல்லாக் கருவிகளும் அதையே பிரதிபலிக்கும். நான்கு பேர் ஒரே உட்பெட்டியைப் பார்க்கும் அலுவலகத்துக்கு ஐமேப் இல்லாமல் வேலை நடக்காது. ஜோஹோவின் இலவசத் திட்டம் உலாவி, கைப்பேசிச் செயலி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. ஐமேப் வேண்டுமானால் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டும். இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததும் பலரும் இந்த வரியைப் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

ஐமேப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. கண்ணாடி எப்படி நாம் விலகியதும் பிம்பத்தை இழக்கிறதோ, அப்படியே சர்வரில் அழித்த கடிதம் எல்லாக் கணினிகளிலிருந்தும் மறைந்துவிடும். என் கணினியிலும் இருக்கிறது, அலுவலகக் கணினியிலும் இருக்கிறது, ஆகவே இரண்டு படிகள் இருக்கின்றன என்று நினைப்பது பிழை. இருப்பது ஒரே கடிதம், இரண்டு சன்னல்கள். ஜிமெயிலின் குப்பைத்தொட்டியில் போன கடிதம் 30 நாள்களில் நிரந்தரமாக அழிகிறது. கூகுளின் கட்டணத் திட்டத்தில் நிர்வாகி மேலும் 25 நாள்களுக்குள் மீட்கலாம். வேலையை விட்டுச் சென்ற பணியாளரின் கணக்கையே நீக்கிவிட்டால், அதைத் திரும்பப் பெற 20 நாள்கள்தான் அவகாசம். மாதக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஒருவர் வேலையை விட்ட அன்றே அவர் கணக்கை நீக்கும் முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். மிச்சமாவது சில நூறு ரூபாய். போவது அவர் கையாண்ட அத்தனை வாடிக்கையாளர்களின் வரலாறு.

ஆகவே காப்பகம் என்பது தனியாக இருக்க வேண்டும். உள்ளே வருவதிலும் வெளியே போவதிலும் ஒரு படி, அன்றாடம் வேலை செய்பவர்களால் அழிக்க முடியாத வேறோர் இடத்துக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும். பெரிய நிறுவனங்கள் இதற்குத் தனிச் சேவைகளை வாங்குகின்றன. கூகுள் அதை ‘வால்ட்’ என்ற பெயரில் உயர்நிலைக் கட்டணத் திட்டங்களில் தருகிறது. மற்றவர்களிடமும் இதையொத்தவை உண்டு. ஐந்து பேர் உள்ள கடைக்கு அத்தனை தேவையில்லை. உரிமையாளர் மட்டும் திறக்கக்கூடிய கூடுதல் பெட்டி ஒன்றுக்கு எல்லாக் கடிதங்களின் படியும் போகும்படி நிர்வாகி அமைப்பில் செய்ய முடியுமா என்று, பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட்டால் போதும்.

மூன்றாவது, கோப்பின் வடிவம். யுடோரா என்றொரு மின்னஞ்சல் மென்பொருள் இருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1988-இல் ஸ்டீவ் டார்னர் எழுதியது. பின்னர் குவால்காம் நிறுவனத்தால் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இணைய இணைப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட காலத்தில், தொலைபேசிக் கம்பி வழியாகக் கடிதம் இறக்கியவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். யுடோரா இன்று இல்லை. ஆனால், அதில் சேமித்த கடிதங்களை இன்றும் படிக்கலாம். ஏனெனில், அவை எம்பாக்ஸ் என்னும் எளிய உரைக்கோப்பு வடிவை ஒட்டியே சேமிக்கப்பட்டன. அவுட்லுக் வேறு வழியில் போனது. பிஎஸ்டி என்ற ஒரே பெரிய கோப்புக்குள் எல்லாவற்றையும் அடைத்தது. 2002 வரையிலான பதிப்புகளில் அந்தக் கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது, நெருங்கினாலே பழுதடையும். பின்னாளில் அந்த எல்லை 50 ஜிபி வரை உயர்ந்துவிட்டது என்றாலும், ஒரே கோப்பு கெட்டால் எல்லாமே கெடும் என்ற தன்மை மாறவில்லை. பழைய கணினியிலிருந்து எடுத்த பிஎஸ்டி கோப்பைத் திறக்க முடியாமல் என்னிடம் கொண்டுவருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்தக் காரணத்தால்தான், காப்பகத்துக்கென்று தண்டர்பேர்டை நான் பரிந்துரைக்கிறேன். 2004 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு வந்தது, இலவசம், மூல நிரல் திறந்திருக்கிறது, கடிதங்களை எம்பாக்ஸ் வடிவிலேயே வைக்கிறது, தனிக் கடிதத்தை ஈஎம்எல் கோப்பாகத் தலைப்பகுதியோடு சேமிக்கலாம். தோற்றத்தில் கூகுளின் அழகு இல்லை என்பது உண்மைதான். தினசரி வேலைக்கு உலாவியையோ அவுட்லுக்கையோ விரும்புபவர்கள் அதையே பயன்படுத்தட்டும். மாதம் ஒருமுறை அந்தத் தனிப்பெட்டியின் கடிதங்களைத் தண்டர்பேர்டின் ‘லோக்கல் ஃபோல்டர்’ பகுதிக்கு நகலெடுத்து, நிதியாண்டு வாரியாகப் பிரித்து வைத்தால் போதுமானது. அங்கே போனவை சர்வரோடு தொடர்பற்றவை. வேறெங்கோ ஒருவர் அழித்தால் அழியாதவை. நிதியாண்டு முடிந்ததும் அந்த ஆண்டின் கோப்புக்கு ஹேஷ் எடுத்து, தேதியோடு எழுதி வைப்பது நல்லது. இதற்கான கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

அந்தக் கோப்பை எங்கே வைப்பது? கடையில் இருக்கும் ஒரே கணினியில் மட்டும் வைப்பதானால் வைக்காமலே இருக்கலாம். 2004 டிசம்பர் 26 இந்தக் கடற்கரையில் எதை விட்டுவைத்தது என்பதை நாம் அறிவோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, மின்சாரம் திரும்ப நாள்கள் ஆயின. கூரை ஒழுகிய அலுவலகங்களில் காகிதக் கட்டுகளோடு கணினிகளும் நனைந்தன. ஒரு படி கடையில், ஒரு படி இணையத்தில், ஒரு படி மேட்டுப்பாங்கான வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் என்பதுதான் டெல்டாவுக்கு ஏற்ற கணக்கு. புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புகள் இன்று நம் கையில் இருப்பதும், 1846-க்குப் பிறகு பலர் பல இடங்களில் அவற்றைப் படியெடுத்து வைத்ததால்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: வாட்ஸ்அப். இன்று பேரம் பேசுவது, விலை குறைப்பது, தேதி தள்ளிப்போடுவது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. வணிகச் செய்திகளைக் குறுஞ்செய்திச் செயலிகளில் பேசி, பதிவேடு பராமரிக்கத் தவறியதற்காக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2022 செப்டம்பரில் 16 நிதி நிறுவனங்களுக்கு 110 கோடி டாலருக்கும் மேல் அபராதம் விதித்தது. நம் சிறு வணிகர்களுக்கு அபராதம் விதிக்க யாரும் வரப்போவதில்லை. கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் அதுவே அபராதம். வாட்ஸ்அப்பில் பேசி முடித்ததும், ‘சற்று முன் பேசியபடி டன்னுக்கு இன்ன விலை, இன்ன தேதி’ என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறேன். மறுப்பு வராவிட்டால் அதற்கே ஒரு மதிப்பு உண்டு. சிலருக்கு இது மரியாதைக் குறைவாகப் படுகிறது; “பாய், நம்மிடையே எதற்கு இதெல்லாம்” என்று கேட்கிறார்கள். எழுதிவைப்பதால் நட்பு கெட்டதாக நான் பார்த்ததில்லை. எழுதிவைக்காததால் கெட்ட நட்புகள் பலவற்றை இந்த மாவட்டத்திலேயே காட்ட முடியும்.

சொந்த டொமைனுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. விற்பவரின் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்கில் செலுத்துக’ என்று போலிக் கடிதம் அனுப்பும் மோசடி உலகெங்கும் பெருகியிருக்கிறது. 2023-இல் மட்டும் இவ்வகை மோசடியால் 290 கோடி டாலர் இழப்பு ஏற்பட்டதாக அமெரிக்காவின் எஃப்பிஐ-க்குப் புகார்கள் வந்தன. இலவச முகவரியில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ இன்னொரு முகவரி தொடங்க யாராலும் முடியும். வாடிக்கையாளரால் வேறுபாடு காண இயலாது. சொந்த டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளைச் சரியாகச் செய்துவிட்டால், நம் பெயரில் பிறர் அனுப்பும் கடிதங்கள் பெறுபவரின் வாசலிலேயே பெருமளவு தடுக்கப்படும். பெயர்கள் மிரட்டினாலும் இது அரை மணி நேர வேலை. சேவை நிறுவனங்களின் உதவிப் பக்கங்களில் படிப்படியாக எழுதியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எப்போதைக்கும் வைத்திருப்பதும் சரியன்று. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேறு சட்டம் கோராத நிலையில், நோக்கம் நிறைவேறிய தனிநபர் தரவுகளை அழித்துவிடச் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. வேலை கேட்டு வந்தவர்களின் ஆதார் படிகளைப் பத்து ஆண்டுகளாக உட்பெட்டியில் வைத்திருக்க ஒரு கடைக்கு எந்தக் காரணமும் இல்லை. நிதியாண்டு வாரியாகப் பிரித்து வைத்தவர்களுக்கு, காலம் கடந்ததைக் கழிப்பதும் எளிது.

டொமைன் வாங்குபவர்களிடம் இன்னொன்றையும் சொல்லி அனுப்புகிறேன். அதைப் பதிவு செய்யும்போது உரிமையாளரின் பெயரிலேயே செய்ய வேண்டும். இணையதளம் வடிவமைக்க வந்த தம்பியின் பெயரில் அல்ல. ஆண்டுதோறும் புதுப்பிக்க நினைவூட்டும் கடிதம் எந்த முகவரிக்கு வரும் என்பதையும் பார்க்க வேண்டும். பலர் அதே டொமைனில் உள்ள முகவரியையே தந்துவிடுகிறார்கள். டொமைன் காலாவதியான அன்று, காலாவதியாகிவிட்டது என்று சொல்லும் கடிதம் வந்து சேர இடம் இருக்காது.